ஐந்தாவது வெட்டு

என் பட்டச் சான்றிதழ் எங்கள் வீட்டில் இருந்தது மூன்றே நாள்தான். தபாலில் அது வந்த வெள்ளிக்கிழமை சாயங்காலமே அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குக் கிளம்பினார், லேமினேஷன் போட. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை எனக்குத் தெரியாமல் அப்படித்தான் பிளாஸ்டிக்குக்குள் போட்டுக்கொண்டு வந்து, இனிமேல் தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது என்று சிரித்தவர் அவர். அதன் பின்பக்கத்தில் சீல் குத்த முடியாமல் நான் எத்தனை அலுவலகங்களில் பேச்சு வாங்கினேன் என்பது அவருக்குத் தெரியாது. இந்த முறை தெருமுனைவரை ஓடிப்போய் அவர் கையிலிருந்து பிடுங்கி வந்தேன். திங்கட்கிழமை காலை, மற்ற சான்றிதழ்களோடு சேர்த்து அதையும் நான் வேலைக்குச் சேர்ந்த அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன்.

சேரும்போது அசல் சான்றிதழ்களை ஒப்படைக்க வேண்டும். இரண்டு வருடம் முடிந்தால்தான் திரும்ப வரும். அப்போது புதுச்சேரியில் எங்களைப் போன்றவர்கள் சேர்ந்த பல இடங்களில் இதுதான் வழக்கம். யாரும் அதைப் பெரிதாகப் பேசியதில்லை. அப்பா மட்டும் ஒரு தடவை சொன்னார்.

"நான் பிளாஸ்டிக்லதான் போடலாம்னு பாத்தேன். நீ இரும்பு பீரோவுலயே போட்டு பூட்டிட்டு வந்துட்ட."

அப்பா சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் லாரிக்குச் சரக்கு ஏற்றும் வேலை பார்த்தார். அம்மா அதே தொழிற்சாலை கேன்டீனில் இருந்தார். நான் கல்லூரிக்குப் போக வசதியாக இருக்கும் என்று மூலக்குளத்தில் வாடகைக்கு வீடு பிடித்து வந்தவர்கள். அப்பாவுக்கு பஸ் எண்களை அடையாளம் தெரியும், அதற்கு மேல் எழுத்து தெரியாது. அம்மாவுக்கு அதுவும் தெரியாது. இரண்டு பக்கத்து உறவிலும் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான்தான். அந்தத் திமிர் எனக்கு அப்போது இருந்தது. இப்போதும் போய்விடவில்லை.

அலுவலகம் டவுனில், கால்வாய்க்கு இந்தப் பக்கம், பழைய வீடு ஒன்றின் மாடியில் இருந்தது. கீழே வீட்டுக்காரர், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு சொல்தா, நாள் முழுவதும் பிரெஞ்சு வானொலி கேட்டுக்கொண்டிருப்பார். மாடியில் ஏசி குளிர் வெளியே போகாமல் இருக்க ஜன்னல்களை எல்லாம் ஆணி அடித்து, கண்ணாடிக்கு வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தார்கள். ஒன்பது கம்ப்யூட்டர்கள். உள்ளே போய்விட்டால் மழை பெய்கிறதா வெயில் அடிக்கிறதா என்பது தெரியாது. மதியம் சோற்று டப்பாவைத் திறந்தால் ஒன்பது பேரின் குழம்பும் சாயங்காலம்வரை அந்த அறையிலேயே இருக்கும்.

நாங்கள் செய்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். விமான எஞ்சினின் முன்னால் பெரிய விசிறி ஒன்று இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் கண்ணில் படுவது அதுதான். பின்னால், எரிந்த வாயு வெளியேறும் வழியில், டர்பைன் இருக்கிறது. சூடான வாயு டர்பைனைச் சுழற்றுகிறது. டர்பைன், நீளமான ஒரு ஷாஃப்ட் வழியாக, முன்னால் இருக்கும் விசிறியைச் சுழற்றுகிறது. வாயு கொடுக்கும் பலமெல்லாம் விசிறியைச் சுழற்றுவதிலேயே செலவாகிவிடுவதால்தான் டர்பைன் ஒரு வேகத்துக்குள் நிற்கிறது. ஷாஃப்ட் உடைந்தால் விசிறி தனியாகப் போய்விடும். டர்பைனுக்குச் சுமை எதுவும் இருக்காது, ஆனால் வாயு மட்டும் அடித்துக்கொண்டே இருக்கும். கண் இமைப்பதற்குள் வேகம் எகிறி, தன் சுழற்சியைத் தானே தாங்க முடியாமல் அது பிளந்து தெறிக்கும். அந்தத் துண்டுகளைத் தடுத்து நிறுத்தும் கவசத்தை யாரும் செய்ததில்லை. ஆட்கள் உட்கார்ந்திருக்கும் இடம்வரை அவை போகும்.

இதைத் தடுக்க ஓர் ஏற்பாடு உண்டு. ஷாஃப்ட் உடைந்ததும் வாயுவின் அழுத்தம் டர்பைனைப் பின்னால் தள்ளும். அப்படித் தள்ளப்படும்போது அதன் சுழலும் பிளேடுகள், பின்வரிசையில் அசையாமல் நிற்கும் பிளேடுகளில் போய் மோத வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று அரைத்துக்கொண்டு, அந்த உரசலிலேயே வேகம் இறங்க வேண்டும். எஞ்சின் பாழாகும், ஆனால் தெறிக்காது. இந்த அரைபடுதல் போதுமான சீக்கிரத்தில் நடக்குமா என்று கணக்குப் போட்டுச் சொல்வதுதான் எங்களுக்கு பிரான்சிலிருந்து வந்த வேலை.

எஞ்சின் எங்களுக்கு முழுதாக வராது. அவர்கள் அனுப்பிய படத்தில் பின்பகுதி மட்டும்தான் இருந்தது. முன்பக்கம் ஒரு நெளிகோட்டோடு முடிந்துவிடும். அந்தக் கோட்டுக்கு அப்பால் வெள்ளைத் தாள். அங்கே என்ன இருக்கிறது என்று சேர்ந்த புதிதில் மேனேஜரிடம் கேட்டேன். அவர் பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள குடும்பத்தைச் சேர்ந்தவர், பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். அந்தக் கம்பெனியோடு பேசுவதெல்லாம் அவர்தான்.

"அது நமக்கு எதுக்கும்மா? குடுத்ததைப் போட்டா போதும்" என்றார்.

அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. கேள்வி கேட்பது, ஒன்றும் தெரியாதவர்கள் செய்வது என்று நினைத்த வயது. ஆனால் அந்த நெளிகோடு என்னை அரித்துக்கொண்டே இருந்தது. மேலே படித்தால்தான் முழு எஞ்சினையும் யாராவது நம் கையில் கொடுப்பார்கள் என்று தோன்றியது. யாருக்கும் சொல்லாமல் எம்.ஈ. நுழைவுத் தேர்வு எழுதினேன். சென்னையில் ஒரு கல்லூரியிலிருந்து கவுன்சலிங்குக்கு அட்டை வந்தது. என் போட்டோ ஒட்டிய மஞ்சள் அட்டை. சனிக்கிழமை காலை நேரில் வர வேண்டும், அசல் சான்றிதழ்களை அங்கேயே ஒப்படைக்க வேண்டும், திங்கட்கிழமை வகுப்பில் சேர வேண்டும், வராதவர்களின் இடம் அடுத்தவருக்குப் போகும் என்று போட்டிருந்தது.

அட்டையோடு மேனேஜரிடம் போனேன். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல காலேஜ். போக வேணாம்னு சொல்ல மாட்டேன். இந்த ரிப்போர்ட்டை முடிச்சுக் குடு. அவங்க ஓகேன்னு சொன்னதும் சர்டிபிகேட்டை வாங்கிட்டுக் கிளம்பு. ரெண்டு வருஷ பாண்டெல்லாம் நான் பேசிக்கறேன்."

அந்த ரிப்போர்ட் ஏறக்குறைய முடிந்திருந்தது. ஷாஃப்ட் நான்கு இடங்களில் (வெட்டு என்போம்) உடைவதாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் டர்பைன் எவ்வளவு பின்னால் வரும், எவ்வளவு நேரத்தில் வேகம் இறங்கும் என்று கணக்கிட்டிருந்தேன். ஒவ்வொரு கணக்குக்கும் கம்ப்யூட்டர் ஒன்றரை நாள் ஓடியது. கடைசி வாரத்தில் ஐந்தாவதாக ஓர் இடத்தையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி மெயில் வந்தது. ஒரு தூரம் மட்டும் கொடுத்திருந்தார்கள். படத்தில் வைத்துப் பார்த்தேன். அது நெளிகோட்டுக்கு அந்தப் பக்கம், வெள்ளைத் தாளில் போய் விழுந்தது. எங்கே உடைந்தால் என்ன, அதே டர்பைன், அதே இடைவெளி, அதே வாயு என்று எண்ணினேன். நான்காவது வெட்டின் பத்தியை நகல் எடுத்து, எண்ணை மாற்றி, 'இந்நிலையிலும் டர்பைன் பின்னோக்கி நகர்ந்து வேகம் கட்டுப்படுகிறது' என்ற வாக்கியத்தை அப்படியே விட்டேன். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடித்துவிட்டேன் என்று பெருமை வேறு. கணக்கிட்டவர் என்ற கட்டத்தில் என் பெயர், ஒப்புதல் என்ற கட்டத்தில் மேனேஜர் பெயர். வெள்ளிக்கிழமை அனுப்பினோம். புதன்கிழமைக்குள் பதில் சொல்வதாக எழுதியிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். கவுன்சலிங்கில் ஒரு சின்ன நேர்காணலும் உண்டு. என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்பார்கள். யாரிடமாவது சொல்லிப் பழக வேண்டும். நான் கேக்கறேன் என்றார் அம்மா.

புடவைப் பெட்டி அட்டையைப் பிரித்துத் தரையில் விரித்தேன். அதில் எஞ்சினின் வெளிக்கூட்டை வரைந்தேன். அம்மாவுக்குப் பாதி எஞ்சினைக் காட்ட மனம் வரவில்லை. கல்லூரிப் புத்தகத்தில் பார்த்த ஞாபகத்தில் முன்பகுதியையும் சேர்த்து முழுதாக வரைந்தேன். ஷாஃப்டுக்கு நீளமான ஐந்து அட்டைப் பட்டைகள், ஐந்து வெட்டுக்கு ஐந்து. ஒவ்வொன்றுக்கும் ஒரு முனையில் விசிறி, மறுமுனையில் டர்பைன். விசிறிக்குச் சற்றுப் பின்னால் ஒரு பேரிங் உண்டு, ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகராமல் பிடித்துக்கொள்ள. அதற்கு ஒரு குண்டூசி குத்தினேன்.

"இதுதான் நீ செய்யறதா?" என்றார் அம்மா. "இதுக்கா காலையில எட்டு மணிக்கே ஓடற?"

"இரு. இப்போ இந்த எடத்துல ஒடஞ்சிடுதுன்னு வச்சுக்க." பின்பக்கத்தில் கத்தரித்தேன். "டர்பைன் தனியா சுத்த ஆரம்பிச்சிடும். ரொம்ப வேகமா."

"ஆயில் எஞ்சின்ல பெல்ட்டு அறுந்தா கத்துமே, அந்த மாதிரியா?"

"அதேதான். அப்போ காத்து இத பின்னாடி தள்ளும். நீதான் காத்து. இழு."

அம்மா இழுத்தார். டர்பைன் பின்னால் நகர்ந்து, நான் வரைந்திருந்த நிலையான பிளேடுகள்மேல் போய் உட்கார்ந்தது. இரண்டாவது பட்டையை வைத்தேன். வந்தது. மூன்றாவதும் நான்காவதும் வந்தன. அம்மாவுக்கு விளையாட்டு பிடித்துவிட்டது. ஐந்தாவதைக் குத்தி, அந்த மெயிலில் இருந்த தூரத்தை விரலால் அளந்து கத்தரித்தேன். வெட்டு விசிறிக்கும் குண்டூசிக்கும் நடுவே விழுந்தது.

"இழும்மா."

"வரலடி."

"நல்லா இழு."

"இழுத்தா கிழியுது. குண்டூசி புடிச்சிருக்கு பாரு."

பார்த்தேன். விசிறி தனியாகக் கழன்று கிடந்தது. டர்பைனும் அதோடு ஒட்டிய ஷாஃப்டும் குண்டூசியில் அப்படியே நின்றன. பேரிங்குக்கு முன்னால் உடைந்தால் பேரிங் டர்பைனை விடாது. டர்பைன் பின்னால் வராது. பிளேடுகள் ஒன்றையொன்று தொடாது. இருந்த இடத்திலேயே, சுமை எதுவும் இல்லாமல், வேகம் ஏறிக்கொண்டே போகும்.

"ஊசிய எடுத்துடவா?" என்று கேட்டார் அம்மா.

வேண்டாம் என்றேன். அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, பசியோ என்று எண்ணி அடுப்படிக்குப் போனார்.

அந்த இரவும் திங்கட்கிழமையும் நான் போட்ட கணக்குகள் எந்தக் கம்ப்யூட்டரும் போடாதவை. எஞ்சின் இன்னும் கட்டப்படவே இல்லை, இது வெறும் ஆய்வு. பிரான்சில் இருப்பவர்கள் முழு எஞ்சினையும் பார்ப்பவர்கள், அவர்கள் கண்ணில் படாதா? வேகம் மீறினால் எரிபொருளை நிறுத்தும் கருவியும் எஞ்சினில் இருக்கத்தான் செய்யும். எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் கருவி இருந்தால் மட்டும் போதாது. அது உணர்ந்து, வால்வு மூடி, உள்ளே மிச்சம் இருப்பது எரிந்து தீருவதற்குள் டர்பைன் எந்த வேகத்துக்குப் போகும், அந்த வேகத்தைத் தாங்குமா என்று யாராவது கணக்குப் போட வேண்டும். பின்னால் வந்து நின்றுவிடும் என்று நான் எழுதிக் கொடுத்த பிறகு யார் போடுவார்கள்?

சொன்னால் ரிப்போர்ட் திரும்பி வரும். கம்ப்யூட்டரில் அந்த மாடலை அடி முதல் கட்டியவள் நான். வேறு யாரும் இரண்டு வாரத்துக்குள் அதைத் தொட முடியாது. சனிக்கிழமை போய்விடும். சீட்டு போய்விடும்.

இன்னொன்றும் இருந்தது. அதைச் சொல்ல எனக்கு இப்போதும் கூச்சம். என் தாத்தாவும் அப்பாவும் கைநாட்டு வைத்தவர்கள். எங்கள் வீட்டில் தப்பாக எழுத யாருக்கும் வாய்ப்பே கிடைத்ததில்லை. வாய்ப்பு கிடைத்த முதல் ஆள் நான். எழுதியும் விட்டேன். இதைப் போய்ச் சொல்வதைவிட அந்த ஜன்னல் இல்லாத அறையிலேயே செத்துப்போகலாம் என்று தோன்றியது. திங்கட்கிழமை முழுக்க எழுந்து தண்ணீர் குடிக்கக்கூடப் போகவில்லை. எழுந்தால் மேனேஜர் மேசையைத் தாண்ட வேண்டும்.

செவ்வாய்க்கிழமை மதியம் மதாம் கூப்பிட்டார். மதாம் என்பது பாதி கேலி, பாதி மரியாதை. அலுவலகத்தில் பீரோ சாவி வைத்திருந்த அம்மாள், கணவரை இழந்தவர், தன் தாயாரோடு கோயில் தெருவில் இருந்தார்.

"இந்தாம்மா, உன் சாமான். நாளைக்கும் நாளன்னைக்கும் நான் லீவு. எங்கம்மாவைக் கூட்டிட்டுப் போய் உயிரோட இருக்காங்கன்னு காட்டணும், பிரெஞ்சு பென்ஷனுக்கு. வருஷா வருஷம் காட்டணும். போன வருஷம் உயிரோட இருந்ததை எல்லாம் ஒத்துக்க மாட்டான்."

பழுப்பு உறையைக் கையில் வைத்தார்.

"இன்னும் ரிப்போர்ட்டுக்குப் பதில் வரலியே மதாம்."

"வந்துடும். எல்லாரும் சொல்றாங்க, நீ போட்டா தப்பே இருக்காதாமே. ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போடு."

போட்டேன். உறையைத் துப்பட்டாவுக்குள் அணைத்துக்கொண்டு பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன். வில்லியனூர் சாலையில் அத்தனை கூட்டம், இரண்டு பக்கமும் ஆட்கள் நெருக்கினார்கள். உறை மடங்கிவிடுமோ என்ற பயத்தில் மூச்சைக்கூடச் சின்னதாக விட்டேன். ஒன்றரை வருடமாக இது கையில் இருந்தால் போதும் என்று நினைத்திருந்தேன். இப்போது இருக்கிறது. யாரும் என்னைப் பிடித்துவைக்கவில்லை. ஆனால் நகர முடியவில்லை.

அப்பா உறையைத் திறந்து ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். "இதுல எதுடா பெரிய படிப்பு?" என்று கேட்டார். காட்டினேன். "வெய்ட்டு கம்மியாத்தான் இருக்கு" என்றார்.

புதன்கிழமை பத்து மணிக்கு பதில் வந்தது. மேனேஜர் என்னைக் கண்ணாடித் தடுப்புக்குள் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். பிரெஞ்சில் ஒரு வரி.

"குறை எதுவும் இல்லையாம். முடிஞ்சுது. போய்ட்டு வா, பாப்பா. நல்லாப் படி."

"சார், அஞ்சாவது கேஸ் தப்பு."

வந்துவிட்டது. எப்படி வந்தது என்று தெரியவில்லை. நான்கு நாளாகப் பல விதமாக ஆரம்பிக்க யோசித்து வைத்திருந்தேன். எதுவும் வரவில்லை, இதுதான் வந்தது.

"என்னா தப்பு?"

தாளில் வரைந்து காட்டினேன். குண்டூசி இருந்த இடத்தில் பேரிங்கை வரைந்தேன். அவர் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அந்த பேரிங் நமக்குக் குடுத்த படத்துலயே இல்ல. அவன் அனுப்பல. இதுல நம்ம தப்பு என்னா இருக்கு?"

"நெளிகோட்டுக்கு அந்தாண்ட என்னா இருக்குன்னு கேட்டிருக்கணும் சார். கேக்காமயே நிக்கும்னு எழுதிட்டேன்."

"யாருக்கு இது தெரியும்?"

"எனக்கு. இப்போ உங்களுக்கு."

"இதப் பாரு." அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. "இதைத் திரும்ப எடுத்தா பத்து நாளைக்குக் கொறையாது. உன்னை விட்டா போட ஆள் இல்ல. சனிக்கிழமை உனக்கு சீட்டு. சர்டிபிகேட் உன் வீட்டுல இருக்கு, மதாம் சொன்னாங்க. நான் என்னா, போலீஸா வைக்கப் போறேன்? நீ போ. அவங்க கண்டுபிடிச்சா நான் பாத்துக்கறேன். கண்டுபிடிக்கலன்னா இல்ல. நீ சொன்னதை நான் மறந்துடறேன்."

கதவைத் திறந்து விடுவது போல அவ்வளவு நல்ல மனசோடு சொன்னார். அவர் மிரட்டியிருந்தால் நான் சனிக்கிழமை சென்னையில் இருந்திருப்பேன் என்று பிற்பாடு பல முறை தோன்றியிருக்கிறது.

"அதுல என் பேரு இருக்கு சார்."

"என் பேரும்தான் இருக்கு."

"அதான் சார்."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். கீழே சொல்தாவின் ரேடியோவில் யாரோ பிரெஞ்சில் விடாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒரு வார்த்தை புரியாது. பிறகு அவர் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"தப்பு பண்ணிட்டோம்னு பிரெஞ்சுல நான் இதுவரைக்கும் எழுதினதே இல்ல. எப்படி ஆரம்பிக்கறதுன்னு பாக்கறேன். நீ போய் மாடலைத் திற."

அன்று மதியத்துக்குள் பதில் வந்தது. ஐந்தாவது நிலையை முழுதாகச் செய்து அனுப்புங்கள், எரிபொருள் நிற்க எடுக்கும் நேரம் இது, முன்பகுதியின் படம் இணைக்கப்பட்டுள்ளது. திட்டும் இல்லை, நன்றியும் இல்லை. படத்தைத் திறந்தேன். நெளிகோட்டுக்கு அப்பால் இருந்ததெல்லாம் வந்திருந்தது. பேரிங் நான் குண்டூசி குத்திய இடத்துக்கு ஒரு விரற்கடை முன்னால் இருந்தது. வெட்டு அதற்கும் முன்னால்தான் விழுந்தது, அதனால் எதுவும் மாறவில்லை.

ரிப்போர்ட் முடிந்தால்தான் சான்றிதழ் என்பதுதானே பேச்சு, அதனால் வெள்ளிக்கிழமை உறையைக் கொண்டுபோய் மதாமிடம் நீட்டினேன். அவருக்கு முதலில் புரியவில்லை.

"ஏம்மா, நான் ரிஜிஸ்டர்ல குடுத்ததா எழுதிட்டேனே. இப்போ அதை அடிக்கணுமா?"

"கீழ இன்னொரு வரி எழுதிக்குங்க மதாம். திரும்ப வாங்கினதுன்னு."

"அப்படி ஒரு கட்டமே இதுல கிடையாது." கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "புள்ள, யாராவது எதனா சொன்னாங்களா?"

"இல்ல மதாம். நானாத்தான்."

அவர் பீரோவைத் திறந்து உறையை வைத்தார். பூட்டும்போது சத்தம் வராமல் மெதுவாகப் பூட்டினார். அவர் அப்படிச் செய்தது எனக்குப் பிடிக்கவில்லை. சத்தமாகவே பூட்டியிருக்கலாம்.

வீட்டில் புதன்கிழமை இரவே சொல்லியிருந்தேன். அம்மாவுக்குக் குண்டூசி ஞாபகம் இருந்ததால் உடனே விளங்கிவிட்டது. "அன்னைக்கே அந்த ஊசிய எடுத்திருக்கணும்" என்று முணுமுணுத்தார். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அப்போ சனிக்கிழமை போகலியா?"

"இல்லப்பா."

"ஒரு நாள்தானே. போய்ட்டு வந்து எழுதக் கூடாதா?"

"அங்க சேந்தா திங்கக்கிழமையே கிளாஸுக்குப் போகணும். ரெண்டு எடத்துல இருக்க முடியாது."

"நீ எழுதினது தப்புன்னு நீயேவா சொன்ன?"

"ஆமா."

"அவங்களாக் கண்டுபிடிக்கல?"

"இல்ல."

அவர் மோரை ஊற்றிக்கொண்டு பிசைந்தார். அவர் கோபமாக இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் நான் மிச்ச நாள்களைக் கழித்தேன். காலையில் அவர் எழுந்திருக்கும் முன்பே கிளம்பினேன். அலுவலகத்தில் வெள்ளைத் தாள் ஒட்டிய ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, டர்பைன் பின்னால் வராத கணக்கை ஓடவிட்டு, எண் ஏறிக்கொண்டே போவதைப் பார்த்தேன். முதல் ஓட்டத்தில் தாங்கவில்லை. எரிபொருளை இன்னும் சீக்கிரம் நிறுத்தினால் எப்படி என்று மாற்றி ஓடவிட்டேன். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒன்றரை நாள். இடையில் செய்ய வேலை இல்லை, வெளியே போகவும் மனம் இல்லை. கல்லூரியில் என்னோடு படித்தவன் ஒருவன் தனக்கும் அதே சனிக்கிழமை கவுன்சலிங், பஸ்ஸில் சேர்ந்து போகலாமா என்று எஸ்எம்எஸ் அனுப்பினான். பதில் போடவில்லை.

சனிக்கிழமையும் வேலைக்குப் போனேன். ஓட்டம் முடிய ஞாயிறு ஆகும் என்று தெரிந்தும் போனேன். வீட்டில் இருந்தால் அம்மா பேச மாட்டார், அது இன்னும் மோசம். மத்தியானம் தெருவில் இறங்கி ஒரு டீ குடித்தேன். வெயிலில் கண் கூசியது. திரும்ப மேலே ஏறிவிட்டேன்.

சாயங்காலம் ஆறரை மணிக்கு வீட்டுக்கு வந்தபோது அப்பா இல்லை. காலை ஷிஃப்ட் என்று போனவர் இன்னும் வரவில்லை என்றார் அம்மா. ஏழு மணிக்கு வந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கல்யாணத்துக்கு மட்டும் போடுவது. முதுகுப் பக்கம் வியர்த்து, பஸ் சீட்டின் அழுக்கு படிந்திருந்தது. கையில் மஞ்சள் அட்டை.

"எங்கப்பா போன?"

"மெட்ராஸுக்கு." செருப்பைக் கழற்றிச் சுவரோரம் வைத்தார். "ஆட்டோக்காரன்கிட்ட அட்டையக் காட்டினேன். வாசல்லயே கொண்டாந்து உட்டான்."

அம்மா தண்ணீர்ச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"எதுக்குப்பா? நான்தான் வரலன்னு சொன்னேனே."

"உள்ள பெரிய ஹாலு. எல்லாப் புள்ளைங்களும் அப்பா அம்மாவோட வந்திருந்தாங்க. நானும் ஒரு நாற்காலில உக்காந்தேன். யாரும் எழுந்திருன்னு சொல்லல. மைக்குல பேரு கூப்புடறாங்க. ரொம்ப நேரம். அப்புறம் உம் பேரைக் கூப்ட்டாங்க."

"நீ என்னா பண்ண?"

"எழுந்து நின்னேன்."

அம்மா செம்பை அவரிடம் நீட்டினார்.

"மேடையில இருந்த அம்மா, பொண்ணு எங்கன்னு கேட்டாங்க. ஆபீஸ்ல கணக்கு ஒண்ணு தப்பாப் பூடுச்சு, அதை சரி பண்ணிட்டிருக்கு, வர முடியலன்னு சொன்னேன். எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. அப்படின்னா சீட்டு வேணாமான்னு கேட்டாங்க. வேணாம்னு நான் சொல்லல. வர முடியலன்னு மட்டுந்தான் சொன்னேன்." செம்பை வாங்கி அண்ணாந்து குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டார். "உம் பேரை இன்னொரு தடவ கூப்ட்டுட்டு, சரி உக்காருங்கன்னாங்க. அப்புறம் அடுத்த பேரைக் கூப்ட்டாங்க."

அட்டையை என்னிடம் நீட்டினார். ஓரம் வியர்வையில் ஊறியிருந்தது. என் போட்டோவுக்கு மேல் யாரோ சிவப்பு மையில், வரவில்லை என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள்.

"என்னா எழுதியிருக்கு?" என்று கேட்டார்.

படித்துச் சொன்னேன்.